எல்லை மலைகளின் பழைய ரயில்தடங்கள்: அங்கே நடப்பவர்களுக்கு என்ன மிஞ்சும்?

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், முதலமடை பஞ்சாயத்துக்குள் இருக்கிறது. ஆனால் அங்கே குடியிருக்கும் ஒருவர் தன் சொந்தப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வண்டியில் போக வேண்டுமென்றால், ஆனப்பாடி சோதனைச்சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து, டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாகக் கீழே இறங்கி, மறுபடியும் எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். தெற்கே மூணாறு பக்கம் போனால் இதே கதை தலைகீழாக நடக்கிறது. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டம் கொட்டகுடி பஞ்சாயத்தைச் சேர்ந்த ஊர். அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு வண்டியில் வர வேண்டுமானால் மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று கேரளத்துக்குள் ஒரு பெரிய வட்டம் அடிக்க வேண்டும்.

இரண்டு ஊர்களும் ஒரு காலத்தில் இப்படித் துண்டுபட்டுக் கிடக்கவில்லை. பரம்பிக்குளத்திலிருந்து கேரளச் சமவெளியில் உள்ள சாலக்குடிக்கு நேரே ஒரு டிராம்வே, அதாவது காட்டு மரத்தை இறக்கும் சின்ன ரயில், ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குட்டி ரயிலும், அங்கிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்கு ரோப்வேயும் இருந்தன. இரும்பு போய்விட்டது. மண்ணில் வெட்டிய தடம் மட்டும் பல இடங்களில் மிச்சமிருக்கிறது. மூடிய ரயில்பாதையை நடைபாதையாக்குவது என்று பேசும்போது நகரத்தாருக்கு உல்லாச நடைதான் நினைவுக்கு வரும். இந்த மலைகளில் அதற்கு முன்பாக வேறொரு கேள்வி இருக்கிறது: தடத்தை ஒட்டியே வாழும் மக்கள் நடந்து போவதற்கான வழி யார் கையில் இருக்கிறது?

டிராம்வேயிலிருந்து தொடங்கலாம். கொச்சி சமஸ்தானத்துக்குக் காடு பெரிய சொத்து. பரம்பிக்குளத்திலும் அதைச் சுற்றிய மலைகளிலும் தேக்கும் ஈட்டியும் நிறைந்திருந்தன. வெட்டிய மரத்தை இறக்கத்தான் வழியில்லை. ஆற்றில் மிதக்கவிடலாம் என்றால் சாலக்குடி ஆறு வாழச்சாலிலும் ஆதிரப்பள்ளியிலும் பாறையில் விழுந்து சிதறுகிறது. தடியும் அதோடு சேர்ந்து சிதறும். கிழக்கே ஆனைமலைப் பக்கம் இறக்கினால் அது பிரிட்டிஷாரின் மதராஸ் மாகாணம். அங்கே டாப்ஸ்லிப்பில் வெள்ளைக்காரர்கள் தங்கள் மரத்தைச் சரிவில் உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் மரத்தைத் தன் நிலத்தின் வழியாகவே தன் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் கொச்சியின் கணக்கு.

காட்டிலாகாவின் தலைமை அதிகாரியாக இருந்த ஜே. சி. கோல்ஹாஃப் முன்வைத்த யோசனையை ராம வர்மா மகாராஜாவின் அரசு ஏற்றுக்கொண்டது. 1901-இல் வேலை தொடங்கி 1907-இல் முழுத் தடமும் ஓடத் தொடங்கியது. நீளம் 49.5 மைல், ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இதற்கிடையில் 1902-இல் ஷொரனூர் – எர்ணாகுளம் ரயில் வந்துவிட்டதால், சாலக்குடியில் இறங்கிய தேக்கு அங்கிருந்து ரயிலேறிக் கடலை அடைந்தது. எஞ்சின்களும் தளவாடங்களும் பெர்லினைச் சேர்ந்த ஓரன்ஸ்டைன் – கோப்பல் கம்பெனியிடமிருந்து வந்தன.

இந்தத் தடத்தை நடைபாதையாக நினைத்துப் பார்க்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் வடிவம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. நீலகிரி மலை ரயில் 12-க்கு 1 என்ற சரிவில் ஏறுவதற்குக்கூட, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் பல்சட்டம் வைக்க வேண்டியிருந்தது. சாலக்குடி டிராம்வேயில் பல்சட்டம் கிடையாது. அதற்குப் பதிலாக மலையைப் படிகளாகப் பிரித்தார்கள். சமமான பகுதிகளில் எஞ்சின் இழுக்கும். ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு இறங்கும் இடத்தில் எஞ்சின் நின்றுவிடும். அங்கே நேர்க்கோடாக ஒரு சரிவுத் தடம். மேலே பிரேக் வைத்த பெரிய உருளை, அதில் சுற்றிய இரும்பு வடம். தடி ஏற்றிய வேகன்கள் ஒரு முனையில் இறங்கும்போது, அவற்றின் கனமே மறுமுனையில் கட்டிய காலி வேகன்களை மேலே இழுத்துவிடும். ஒரு வாளி இறங்க மறுவாளி ஏறும் கிணற்று ராட்டினத்தின் கணக்குத்தான். எண்ணெயோ நீராவியோ வேண்டாம். பிரேக் பிடிக்கிறவரின் கை மட்டும் தவறக் கூடாது.

ஆகவே இந்தத் தடத்தில் நடப்பது ஒரே மாதிரியான நடை ஆகாது. நெடுந்தூரம் மலையின் இடுப்பைச் சுற்றி ஏறியும் ஏறாமலும் போகும். பிறகு திடீரென்று மூச்சு வாங்கும் ஒரு நேர் ஏற்றம். சமமான பகுதிகள் இன்றும் பெரும் கொடை. தலையில் அரிசி மூட்டை வைத்திருப்பவரும், கர்ப்பிணிப் பெண்ணும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சிரமமில்லாமல் நடக்கத்தக்க சரிவை, அன்றைய பொறியாளர்கள் மட்டம் பிடித்துப் பாறையில் வெட்டி வைத்தார்கள். இன்று அப்படி ஒரு தடத்தைப் புதிதாகக் காட்டில் வெட்ட யாருக்கும் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அதனால்தான் பழைய தடத்துக்கு இவ்வளவு மதிப்பு என்று நினைக்கிறேன்.

இந்தத் தடம் யாருக்காகப் போடப்பட்டது, யார் அதற்காக நகர்த்தப்பட்டார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மரம் வந்த காடு காடர் என்ற பழங்குடி மக்களின் காடு. டிராம்வே வந்தபோதும், பிறகு பெரிங்கல்குத்து, சோலையாறு, பரம்பிக்குளம் என்று அணைகள் வந்தபோதும் அவர்கள் குடியிருப்புகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. இன்று வாழச்சால் பக்கம் இருக்கும் காடர் குடும்பங்கள் சிலவற்றின் முன்னோர் பரம்பிக்குளத்திலிருந்து படிப்படியாகக் கீழே தள்ளப்பட்டவர்கள். காட்டையும் டிராம்வே அப்படியே விட்டுவைக்கவில்லை. இயற்கைத் தேக்கு தீரத் தீர, 1921 முதல் வரிசை வரிசையாகத் தேக்குத் தோட்டம் நடப்பட்டது. தூணக்கடவு அருகே ஏழு மீட்டர் சுற்றளவோடு நிற்கும் கன்னிமாரா தேக்கைப் பார்க்கிறவர்கள், அதுபோல எத்தனை மரங்கள் வேகனில் ஏறிப் போயின என்று யோசிக்காமல் திரும்ப முடியாது.

நல்ல மரம் குறைந்தது, லாரி வந்தது, செலவு ஏறியது. 1950-களின் தொடக்கத்தில் டிராம்வேயை நிறுத்திவிடலாம் என்று பரிந்துரை வந்தது. 1963-இல் அது முற்றிலும் மூடப்பட்டது. அதே 1960-களில் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் வேகமெடுத்தது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் அவற்றைப் பராமரிப்பது தமிழ்நாடு அரசு. எனவே பொறியாளர்களும் ஜீப்புகளும் பொள்ளாச்சிப் பக்கமிருந்தே வந்தார்கள். மேற்கே கதவு மூடிய அதே காலத்தில் கிழக்கே கதவு திறந்தது. பழங்குடிகளான மலசரும் மலைமலசரும் காடரும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சிக்கு வருகிற பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. தமிழும் மலையாளமும் அவரவர் குடிப்பேச்சும் கலந்து புழங்கும் இடம் அது. அணை வேலைக்கு வந்து தங்கியவர்களால் தமிழ் இன்னும் கெட்டிப்பட்டது.

சமவெளியில் டிராம்வே போன இடம் ஊரோடு கரைந்துவிட்டது. காட்டுக்குள்ளே கதை வேறு. குரியார்குட்டி அதற்கு நல்ல உதாரணம். 1933-இல் திருவாங்கூர் – கொச்சிப் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த சாலிம் அலி அங்கே டிராம்வே பங்களாவில்தான் தங்கினார். இப்போது அந்த இடத்தில் அவர் பெயரில் ஒரு பறவை விளக்க மையம் இருக்கிறது. பரம்பிக்குளத்திலிருந்து குரியார்குட்டிப் பக்கம் பழைய தடத்தை ஒட்டிப் போகும் நடைக்குப் பார்வையாளர்களை அழைத்துச் செல்கிறவர்கள் அங்கேயே குடியிருக்கும் பழங்குடி இளைஞர்கள். ஊர்தோறும் உள்ள சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக அவர்களுக்கு வேலை கிடைக்கிறது. 2010-இல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பிறகு, வழிகாட்டி இல்லாமல் யாரும் காட்டுக்குள் நடக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல நிறைய இருக்கலாம். ஆனாலும், வெளியாள் வந்து கம்பி வேலி போட்டு டிக்கெட் கிழிப்பதற்கும், தடத்தின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவர் முன்னால் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இனி நிலத்துக்கு வருவோம், ஏனெனில் மூடிய ரயில்பாதையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது நிலம் யாருடையது என்பதே. இந்திய ரயில்வேயின் தடம் என்றால், வண்டி ஓடாவிட்டாலும் நிலம் ரயில்வேயிடமே இருக்கும். மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதை 1928-இல் வந்தது. உலகப்போர்க் காலத்தில் இரும்புக்காகப் பிடுங்கப்பட்டுப் பிறகு மீண்டும் போடப்பட்டது. 2010 கடைசியில் அகலப்பாதையாக்க நிறுத்தப்பட்டு, 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் ரயில் திரும்பியது. இடையில் அங்கே யாராவது நடைபாதை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்காவில் இதற்கென்றே 1983-இல் சட்டத்தைத் திருத்தி, நாளை ரயில் வேண்டுமென்றால் திருப்பித் தருவது என்ற நிபந்தனையோடு தடத்தை நடப்பவர்களிடம் ஒப்படைக்க வழி செய்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

சமஸ்தானமோ கம்பெனியோ போட்ட தடங்கள் இந்தக் கணக்கில் வராது. டிராம்வேயின் மலைப்பகுதி வனத்துறையிடம் இருக்கிறது. மூணாறு – டாப் ஸ்டேஷன் குட்டி ரயிலான குண்டலைப் பள்ளத்தாக்கு ரயிலின் தடம் தேயிலைத் தோட்டத்துக்குள் கிடக்கிறது.

அந்தக் குண்டலை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1902-இல் அது ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கியது. வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்து மண்சாலையில் உருளும், மாடுகள் இழுக்கும். 1908-இல் இரண்டடி அகலத் தடம் போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டிச்சாலையில் போடி. திருவாங்கூரில் பறித்த கொழுந்து மதராஸ் மாகாணத்தின் வழியாகவே கப்பலேறியது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களும் போடி, கம்பம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகளுக்குப் பின்னால் இதே மலையேறி வந்தவர்கள். 1924 ஜூலையில், மலையாளத்தில் 99-இன் வெள்ளம் என்று இன்றும் பேசப்படும் பெருமழையில், ரயில் அடித்துச் செல்லப்பட்டது. திரும்பக் கட்டவே இல்லை. பழைய மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக நிற்கிறது. தடத்தின் துண்டுகள் தேயிலைக்குள் பாதைகளாகிவிட்டன.

ரோப்வே போன பிறகும் அதன் கீழே மனிதர்கள் நடந்த வழி சாகவில்லை. நடுவில் இருந்த ரோப்வே நிலையம் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பேரிலேயே இன்றும் ஒரு குடியிருப்பு. போடிப் பக்கத்து அடிவார ஊரான குரங்கணியிலிருந்து முட்டம், முதுவாக்குடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் என்று மேலேறும் மக்களுக்குக் காலும் குதிரையும்தான் வாகனம். தேர்தல் வந்தால் இந்தப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு ஓட்டு எந்திரமும் குதிரை முதுகில் போகிறது. ஏலமும் காப்பியும் அப்படித்தான் இறங்குகின்றன. குரங்கணி – டாப் ஸ்டேஷன் சாலை வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரத்திலிருந்து போகிறவர்கள் நடைபாதையை ரசித்துவிட்டு, சாலை வேண்டாம், காடு கெட்டுவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறவரிடம் இதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே சமயம் எல்லாத் தடத்தையும் தார்ச்சாலையாக்குவது அந்த மக்களுக்கே தீங்காக முடிந்த இடங்களும் உண்டு: சாலை போனதும் அதன் பின்னாலேயே ரிசார்ட் போகிறது. நல்ல மட்டத்தில், மழையில் அறுபடாமல், ஒரு தூக்குக்கட்டிலோ சின்ன வண்டியோ போகிற அளவுக்குப் பராமரித்த நடைத்தடம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நியாயமான வழி. அதை முடிவு செய்கிறவர்கள் அங்கே இருப்பவர்களாக இருக்க வேண்டும்.

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) பிரிவு, பள்ளி, குடிநீர், சாலை போன்ற 13 வகைத் தேவைகளுக்கு அரசு செய்து தரும் வேலையாக வனநிலத்தைப் பயன்படுத்த வழி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபையின் பரிந்துரை கட்டாயம். ஒரு ஹெக்டேர் என்பது மூன்று மீட்டர் அகலச் சாலைக்குச் சுமார் 3.3 கிலோமீட்டர்தான் வரும். ஒரு மீட்டர் அகல நடைவழிக்கு அதுவே 10 கிலோமீட்டர். பழைய தடமாக இருந்தால் வெட்ட வேண்டிய பெருமரமும் குறைவு.

இந்தச் சட்டத்தை நம்பித்தான் பரம்பிக்குளத்தின் தேக்கடிக் குடியிருப்பு (குமுளிப் பக்கத்துத் தேக்கடி இல்லை) மக்கள் 2020 அக்டோபர் 2 அன்று மண்வெட்டியை எடுத்தார்கள். கொரோனா முடக்கத்தில் தமிழ்நாட்டு எல்லை வழியாகப் போகவர முடியாமல் போனது. ரேஷனுக்கும் மருத்துவத்துக்கும் வேறு வழி இல்லை. முதலமடைச் சமவெளியில் உள்ள செம்மணாம்பதிக்கு நேரே இறங்கும் வழியைத் தாங்களே வெட்டத் தொடங்கினார்கள். அது டிராம்வேத் தடம் இல்லை. ஆனால் டிராம்வே மூடியபோது அறுந்த அதே தொடர்பை, வேறொரு சரிவில், தங்கள் கையால் மீட்க முயன்றார்கள். கீழே வாழச்சாலில் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு 2014-லேயே சமூக வன உரிமை கிடைத்தது. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊர்க்கூட்டத்துக்கு அதிகாரம் வந்த இடத்தில், பழைய தடத்தை யார் எப்போது பயன்படுத்தலாம் என்ற பேச்சும் அந்தக் கூட்டத்திலிருந்தே தொடங்குவது முறை.

வெளிநாட்டு முன்மாதிரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நியூசிலாந்தில் ஒட்டாகோ நடுப்பகுதி ரயில் 1990-இல் மூடப்பட்டு, ஊர்க்காரர்கள் அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டியதில் 2000-இல் 150 கிலோமீட்டர் நடை – சைக்கிள் தடமாகத் திறந்தது. ஆள் குறைந்துகொண்டிருந்த சிற்றூர்களில் விடுதியும் உணவுக்கடையும் வந்தன. ஆனால் அது ஆடு மேயும் வெட்டவெளி. நம் மலையில் அதே தடத்தில் யானையும் நடக்கிறது. மெல்லிய சரிவு மனிதனுக்கு எவ்வளவு வசதியோ யானைக்கும் அவ்வளவு வசதி. அதனால் சாலக்குடி முதல் பரம்பிக்குளம் வரை 80 கிலோமீட்டரையும் திறந்துவிட்டு ஒரு பெரிய சுற்றுலாத் தடம் என்று பலகை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். குடியிருப்புகளை இணைக்கும் துண்டுகள் போதும். காலை வெளிச்சம் வந்த பிறகு தொடங்கி மாலைக்குள் முடியும் நடை, உள்ளூர் வழிகாட்டியோடு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாடு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் அரசே 40 தடங்களை அறிவித்து, வழிகாட்டிகளாக உள்ளூர் ஆட்களை எடுத்தது. கோடையில் புல் காய்ந்திருக்கும் மாதங்களில் தடத்தை மூடுவது என்ற ஒழுங்கு இப்போது ஓரளவு பழகியிருக்கிறது.

கடைசியாக, பேச்சில் அதிகம் அடிபடாத ஒரு வேலை: தண்ணீர். கைவிட்ட தடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மழைதான். சமமான பகுதிகளில் மலைப்பக்க வாய்க்கால் மண்ணும் சருகும் அடைத்துப் போனால் நீர் தடத்தின் மேலேறி ஓடி, கரையின் வெளிப்பக்கத்தைத் தின்றுவிடும். சிறுபாலத்தின் வாய் அடைத்தால் ஒரே மழையில் மேடு உடையும். சரிவுத் தடங்கள் இன்னும் மோசம்: நேராக இறங்குவதால் அவையே ஓடையாகிவிடும். அங்கே குறுக்கே கல் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும், நடப்பவர்களுக்குத் தனியாக வளைவு வழி வைக்க வேண்டும். உண்ணிச்செடி வருடத்துக்கு ஒரு முறையாவது வெட்டப்பட வேண்டும். அது மண்டினால் எதிரே நிற்கும் யானையும் கண்ணில் படாது. இதெல்லாம் காண்ட்ராக்டர் ஒரு முறை வந்து முடித்துவிட்டுப் போகிற வேலை இல்லை. வருடாவருடம் அதே ஊர் ஆட்களுக்குக் கூலி கொடுத்துச் செய்ய வேண்டியது. பார்வையாளர் கட்டணத்தில் ஒரு பங்கை ஊர்க்குழுவிடம் இதற்கென்றே ஒதுக்கி, கணக்கை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினால் போதும். பரம்பிக்குளத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும், அதனால் வாய்க்கால் வேலை மே மாதத்துக்குள் முடிய வேண்டும். குரங்கணிச் சரிவில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அங்கே புரட்டாசி வரை அவகாசம் உண்டு.